முப்பத்தொரு மணல்திட்டுகள்

வான்மதி மவுஸை மணல்திட்டின் விளிம்பில் வைத்து அழுத்தினாள். திரையில், நீருக்கும் மணலுக்கும் இடையே ஒரு புள்ளி விழுந்தது. அதையடுத்து இன்னொன்று. பதினெட்டாவது புள்ளியில் கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொண்டது. திரையின் கீழ் மூலையில் பரப்பளவு தோன்றியது: 2.3 ஹெக்டேர்.

ஹூஸ்டனில் ஃப்ரீவேயை ஒட்டிய கட்டடமொன்றின் நான்காம் தளம் அது, 1998 மார்ச். தென்னமெரிக்கப் பெருநதி ஒன்றின் செயற்கைக்கோள் படங்களிலிருந்து அதன் வரைபடத்தை உருவாக்குவது ஐந்து வாரங்களாக அவளுடைய வேலை. நதியைத் தூர்வாரி, பெரிய சரக்குப் படகுகளுக்கு வழி அமைப்பது வாடிக்கையாளரின் திட்டம். தூர்வாரும் பாதை நேராகச் செல்லலாமா, எங்கேனும் விலக வேண்டுமா என்பதை நாற்பது பேர் கொண்ட ஒரு குழு இந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யவிருந்தது.

நீர் வடியும் மாதங்களில் நதிக்கு நடுவே மணல்திட்டுகள் தலைகாட்டும். ஆலா என்னும் நீர்ப்பறவைகளும், நீண்ட கீழலகால் நீரைக் கீறியபடி பறக்கும் இன்னொரு பறவையும் வெறும் மணலைக் குழித்து அங்கே முட்டையிடும். படகில் சென்று அவற்றை எண்ணியவர்களின் குறிப்பு அட்டைகள் வான்மதியின் மேசையில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டாக இருந்தன. முப்பத்தொரு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திட்டின் இருப்பிடம், கூடுகளின் எண்ணிக்கை. சிலவற்றில் சேற்று விரல்தடம் காய்ந்திருந்தது.

"மறுபடியும் அதையேவா ட்ரேஸ் பண்றீங்க?" பின்னால் திருமூர்த்தியின் குரல் கேட்டது. வான்மதி வேலை பார்க்கும் பிரிவுக்குத் தலைவர் அவர், உடுமலைப்பேட்டைக்காரர். கிரீன் கார்டுக்காக இதே நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகக் காத்திருப்பவர். "அஞ்சு ஹெக்டேருக்குக் கீழ இருந்தா தண்ணியோட மெர்ஜ் பண்ணிருங்கன்னு மண்டேவே சொன்னனுங்களே."

"மெர்ஜ் பண்ணா ஒன்னுகூடத் தேறாதுங்ணா. இருக்கறதுலயே பெருசு நாலு ஹெக்டேர்தான்."

"அதுக்கு நாம என்னங்க பண்றது? கான்ட்ராக்ட்ல ரூல் அப்படி."

"அவங்க லைன் நேரா இதுக மேலயே போகும்."

"லைன் போடறது நாம இல்லைங்க வான்மதி. நாம படம் போடறவங்க."

"படத்துல இல்லாததை யாருங்ணா சுத்திட்டுப் போவாங்க?"

அடுத்த தடுப்புக்குப் பின்னாலிருந்து யூனிஸ் சிரித்தாள். நாகர்கோவில்காரியான அவள் அறிக்கைகளைத் தொகுக்கும் வேலையில் இருந்தாள். வான்மதியுடன் ஒரே அபார்ட்மென்டில் தங்கியிருந்தாள். "அவகிட்ட வாய் குடுக்காதீங்க அண்ணாச்சி. நேத்து ஹில்கிராஃப்ட் ரோட்டு இந்தியக் கடையில ஒவ்வொரு வெண்டைக்காயா நுனியை ஒடிச்சுப் பாத்து, கடைக்காரரைப் பாதி அழ வச்சுட்டா."

"முத்துனதைக் கொண்டுபோய் நீதான் சமைப்பியா?" என்ற வான்மதி, திருமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். "ஒரு சந்தேகமுங்ணா. அந்த ரூல் ஏரியாவுக்குத்தானே? டவரு, படகுத்துறை எல்லாம் நாம புள்ளியாத்தானே போடறோம்? இதையும் புள்ளியாப் போட்டா ஏரியான்னு ஒன்னே கிடையாதே."

திருமூர்த்தி அலமாரியிலிருந்து ஒப்பந்தக் கோப்பை எடுத்து, நின்றபடியே அந்தப் பக்கத்தை இருமுறை படித்தார்.

"தப்பில்லைங்க," என்றார் கடைசியில். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க விசா எக்ஸ்டென்ஷன் பேப்பர் இன்னும் மேனேஜர் கிரெய்க் டேபிள்லதான் கிடக்கு. ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்ணா."

"அவர் கேட்டா?"

"நான்தான் பண்ணேன்னு சொல்லுவேன். நிஜமும் அதுதானே."

வியாழக்கிழமை கூட்ட அறையின் நீண்ட மேசை மீது வரைபடம் விரிக்கப்பட்டிருந்தது. வெளிர்நீல நதி, அதன் நடுவே வாடிக்கையாளர் உத்தேசித்திருந்த தூர்வாரும் பாதை தடித்த சிவப்புக் கோடாக, நெடுகிலும் முப்பத்தொரு கறுப்புப் புள்ளிகள். அவற்றில் பன்னிரண்டு, கோட்டின் மேலேயே இருந்தன. திட்ட மேலாளர் கிரெய்க் கைகளை ஊன்றிக் குனிந்து பார்த்துவிட்டு, இது யாருடைய யோசனை என்று கேட்டார். வான்மதி எழுந்தாள். அட்டைக் கட்டை மேசை மீது வைத்தாள். எந்தப் புள்ளிக்கு எந்த அட்டை, எத்தனை கூடுகள், விதியின் எந்த வாசகம் இதை அனுமதிக்கிறது என்பதையெல்லாம் காகிதம் எதையும் பார்க்காமல் சொன்னாள். நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகவில்லை.

கிரெய்க் புன்னகைத்தார். மிக நல்ல வேலை என்றார். புள்ளிகள் இருக்கலாம், ஒரே ஒரு திருத்தம் மட்டும் போதும். கறுப்பு நிறம் சிவப்புக் கோட்டை மறைக்கிறது, ஆகவே புள்ளிகளை வெளிர்மஞ்சளாக்க வேண்டும். வான்மதி அன்று மாலையே மாற்றிக் கொடுத்தாள். முப்பத்தொன்றும் இருந்தன.

"ஜெயிச்சுட்ட பிள்ளே," என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த யூனிஸ். "இன்னைக்கு நீ ட்ரீட் குடுக்கே. மசால் தோசை, ரெண்டு."

வெள்ளிக்கிழமை பிற்பகல் இருவரும் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றார்கள். பாதையை முடிவு செய்யும் குழுவின் நாற்பது பேருக்கும் அறிக்கை கறுப்பு வெள்ளையில் போகும் என்று கிரெய்க் காலையில் சொல்லியிருந்தார். முதல் பிரதி சூட்டோடு வெளியே வந்தது. சிவப்புக் கோடு அழுத்தமான கறுப்பாக விழுந்திருந்தது. நதியின் வெளிர்நீலம் விழாமல் கரைக்கோடுகள் மட்டும் இருந்தன. புள்ளிகள் இல்லை. ஓரத்துக் குறியீட்டுப் பட்டியலில் 'பறவைகள் முட்டையிடும் திட்டுகள்' என்ற ஆங்கில வரி மட்டும் இருந்தது. அதற்கு இடப்புறம் வெள்ளைத் தாள்.

யூனிஸ் அடர்த்தியைக் கூட்டி மறுபடி எடுத்தாள். தாள் முழுவதும் சாம்பல் படிந்தது. மஞ்சள் எழவில்லை.

வான்மதி தாளைத் திருமூர்த்தியிடம் கொண்டுபோனாள். "கறுப்புல மாத்தி ஒரே ஒரு ப்ரின்ட் எடுத்தாப் போதும். அரை மணி நேரம். அதையே காப்பி போட்டுரலாம்."

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிரெய்க்கின் கண்ணாடி அறைக்குள் சென்றார். உள்ளே கிரெய்க் பேசுவதும் இவர் தலையசைப்பதும் தெரிந்தன. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"அப்ரூவ் ஆன கலர் அப்ரூவ் ஆனதுதானாமுங்க. கூரியர் அஞ்சு மணிக்கு வருது." சற்று நிறுத்தினார். "உங்க எக்ஸ்டென்ஷனை மண்டே பேசலாம்னார்."

வான்மதி மேசைக்குப் போய் அட்டைக் கட்டைப் பிரித்தாள். கறுப்பு மசிப் பேனாவை எடுத்து, முதல் பிரதியில் முதல் திட்டின் இடத்தில் வைத்தாள்.

"வேண்டாமுங்க வான்மதி."

"பேர் போட்டிருக்கு. பக்கத்துல புள்ளி இருக்கோணுமில்லீங்ணா?"

யூனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கொரு பேனா தா. நம்பரை நீ வாசி."

ஐந்து மணிக்குள் பதினொரு பிரதிகள் முடிந்தன. கிரெய்க் வந்து மேல் பிரதியைப் புரட்டினார். கையால் எதுவும் எழுதிய தாள்கள் வாடிக்கையாளருக்குப் போக முடியாது என்று இதமான குரலில் சொன்னார். பதினொன்றையும் தட்டிச் சீராக்கி, பழைய காகிதத் தொட்டியில் போட்டார். அவற்றுக்குப் பதிலாக வேறு பதினொன்று எடுக்கும்படி திருமூர்த்தியிடம் சொன்னார்.

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. கூரியர்காரர் பெட்டிகளுடன் வாசலில் நின்றார். திருமூர்த்தி யாரையும் பார்க்காமல், வெளியே வரும் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கினார். வான்மதி பன்னிரண்டாவது பிரதியில் குனிந்திருந்தாள். யூனிஸ் இருபத்து மூன்றாம் அட்டையைப் படித்தாள்: நூற்றுப் பதினான்கு கூடுகள். வான்மதி தூர்வாரும் கோட்டின் மேல் பேனாவை ஊன்றி, மசி நன்றாக ஊறும்வரை எடுக்காமல் வைத்திருந்தாள்.