ஒரு லிட்டர் தூரம்

மெக்கானிக் மாசானம் ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்கி, வாயைப் பழந்துணியால் அடைத்து, வில்பிரட்டின் மடியில் வைத்தான். மிஷன் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய பெரிய குளுக்கோஸ் பாட்டில். அதில் இப்போது ஒரு லிட்டர் பெட்ரோல் இருந்தது. குழாயின் மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே போய் பானெட்டுக்குள் நுழைந்திருந்தது. டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயை அவன் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தான்.

“மாவுமில் வண்டி பழையகாயலத் தாண்டிட்டுன்னா நான் மீசைய எடுத்திருதேன் அண்ணாச்சி.”

“மீசைன்னு ஒண்ணு இருந்தால்லா எடுக்கதுக்கு” என்றாள் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து இன்பமணி.

துறைமுகம் ஆழப்படுத்த ஹாலந்திலிருந்து வந்த என்ஜினீயர், ஊர் திரும்பும்போது ஷிப்பிங் ஆபீஸ் கிளார்க்கான வில்பிரட்டிடம் விட்டுப்போன கார் அது. கியர் கிடையாது, கிளச் கிடையாது. அடியில் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள், விரிந்து சுருங்கும் கப்பிகளின் மேல் ஏறியும் இறங்கியும் வேகத்துக்குத் தக்கபடி தாமாகவே மாறிக்கொள்ளும். பெல்ட்டைப் பார்த்த அன்றைக்கே தெரு அதற்கு மாவுமில் என்று பெயர் வைத்துவிட்டது. முதல்நாள் ஓட்டியபோது வில்பிரட்டின் இடதுகால் பழக்கத்தில் கிளச்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்தது; நெற்றி கண்ணாடியில் இடித்தது. தங்கை இன்பமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, “அப்போ இதுக்கு ஒத்தக் கால் போதுமாண்ணே?” என்று கேட்டாள். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிப்போன இடதுகால் அவளுக்கு. அதைப் பார்க்காமலிருக்க வில்பிரட் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றான்.

அன்றிலிருந்து மூன்று மாதத்தில் அவள் அவனைவிட நன்றாக ஓட்டினாள். ஆத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் வந்தது. திருச்செந்தூர் பஸ்ஸின் உயரப்படியில், மொட்டையும் காவடியுமாக நெருக்கும் கூட்டத்தில், அவளால் ஏற முடியாது. கார்தான் வழி. ஆனால் எங்கோ அரபு நாட்டில் சண்டை வந்து, தூத்துக்குடியில் பெட்ரோல் விலை ஏறிவிட்டது. கட்டுப்படியாகாதென்று வில்பிரட் சாத்தான்குளத்துக்காரர் ஒருவரிடம் காரை விற்பதாகச் சொல்லிவிட்டான். இன்பமணி அழவில்லை. “ஒரு லிட்டர்ல ஆத்தூர் பள்ளிக்கூடம் போயிட்டேன்னா?” என்று மட்டும் கேட்டாள். “வண்டி ஒனக்கு” என்றான், நடக்காது என்ற தைரியத்தில். “போகலைன்னா வேலைக்கு வரலைன்னு நானே எழுதிக் குடுத்திருதேன்” என்றாள்.

ஹாலந்து வண்டியாகையால் ஸ்டியரிங் இடப்பக்கம். ரோட்டோரத்து உடைமரங்கள்தான் அவளுக்குத் தெரியும். முன்னால் ஒரு வண்டி போய் மறைத்தால், எதிரே எது வருகிறதென்று வலப்பக்கம் இருக்கும் வில்பிரட்தான் சொல்ல வேண்டும். “பொய் சொல்லாம சொல்லணும். பொய்னா ரெண்டு பேரும் சேந்துதான் பரலோகம்” என்றபடி வண்டியை எடுத்தாள்.

முத்தையாபுரம் தாண்டியதும் இருபுறமும் உப்பளம். கண் கூசும் வெள்ளைக் குவியல்கள். வில்பிரட்டுக்கு லைப்ரரியில் எடுத்துப் படிக்கும் அயல்நாட்டு நாவல்களின் பனிவெளி ஞாபகம் வந்தது. அவற்றில் வரும் வண்டிக்காரர்கள் குதிரைகளோடு பேசிக்கொண்டே போவார்கள். இவளும் பேசினாள், காலால். வண்டி வேகமெடுத்ததும் பெருவிரலை மட்டும் லேசாகத் தூக்குவாள். இன்ஜின் சத்தம் அப்படியே தணியும். வண்டி மட்டும் வேகம் குறையாமல் போகும். பெல்ட் இடம்மாறிக்கொள்ளும் நேரம் அது. கோயிலில் ஞானப்பாட்டின் கடைசி வரியில் அவள் ஆர்மோனியத் துருத்தியை விடுவதுபோல, காற்று முடிவதும் சுரம் நிற்பதும் ஒன்றாக. யாரும் அவளுக்கு இதைக் கற்றுத்தரவில்லை. பாட்டிலைப் பார்த்தான். அவன் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. முதலில் அது எரிச்சலாகத்தான் இருந்தது.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. ஆனி மாதக் காற்று. சின்னக் காரைக் கையால் பிடித்து நிறுத்துவதுபோலத் தள்ளியது. இன்ஜின் முனகியது. பாட்டிலில் பெட்ரோல் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. அவள் கலங்கவில்லை. முன்னால் போன உப்பு லாரியை எட்டிப் பிடித்து, அதன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். காற்று நின்றுபோனது. லாரிக்காரன் கையை நீட்டி முந்திப்போகச் சொன்னான். அவள் போகவில்லை.

“முந்தச் சொல்லுதாம்ளா.”

“சொல்லட்டும். அவன் முதுகு நமக்கு மதில் சுவரு.”

லாரிக்காரன் எட்டிப் பார்த்துக் கத்தினான். “ஏ தங்கச்சி! பின்னாலேயே வாரியே, கயிறு கட்டி இழுக்கணுமா?”

“கட்டினா புண்ணியமாப் போகும் அண்ணாச்சி!”

வில்பிரட் சிரித்துவிட்டான். பழையகாயல் பின்னால் போனது. மாசானத்தின் மீசையும் போனது. பாட்டிலைச் சாய்த்துக் குழாயின் முனை பெட்ரோலில் முழுகியிருக்கும்படி பிடித்துக்கொண்டிருப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். எப்போதிருந்து அப்படிப் பிடித்திருந்தானோ. சாத்தான்குளத்துக்காரருக்கு என்ன பதில் சொல்லுவது என்று மனம் வார்த்தைகளை அடுக்க ஆரம்பித்திருந்தது.

முக்காணியில் லாரி ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கிவிட்டது. எதிரே தாமிரபரணிப் பாலம். அதன் ஏற்றம். மறைப்பு இல்லாத ஆற்றுக்காற்று. இன்பமணி பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பெருவிரலை அழுத்தினாள், ஒரு துளிதான். முன்னால் ஒரு வாழைத்தார் வண்டி.

“எதிர்ல?”

“ஒண்ணும் இல்ல. போ.”

போனாள். பாதிப் பாலத்தில் பாட்டிலுக்குள் குழாய் உறிஞ்சும் சத்தம் கேட்டது. காபி தீர்ந்த டம்ளரை உறிஞ்சுவதுபோல. வில்பிரட் பாட்டிலைக் குனிந்து பார்த்தான். அடிக்கண்ணாடி வழியாக அவன் வேட்டியின் கரை துல்லியமாகத் தெரிந்தது. அக்கரையில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சை, அதற்கு மேலே பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை. பாலம் இறங்கி ஒரு திருப்பம்தான் பாக்கி.

“அண்ணே, இன்னும் இருக்கா?” அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் இரண்டு கைகளாலும் பாட்டிலைப் பொத்திக்கொண்டான்.

“இருக்குளா. நீ ரோட்டப் பாரு.”

குழாயில் மிச்சமிருந்ததை வைத்து இன்ஜின் இன்னும் சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தது. அவள் பெருவிரலைத் தூக்கினாள். வண்டி பாலத்தின் இறக்கத்தில் சத்தமில்லாமல் வழுக்கியது. வில்பிரட்டின் இடதுகால், அங்கே இல்லாத கிளச்சை, வண்டி தடையின்றி உருளட்டும் என்று அடிவரை மிதித்து அப்படியே வைத்திருந்தது.