இரண்டும் வலது பக்கம்

டிவி சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் அந்த ரிசீவரை மச்சான் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். லிஃப்டில் உதவிக்குக் கை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கவில்லையாம். என் மனைவியின் அண்ணன். பிழைப்புக்குக் குளியலறைக் குழாய்கள் விற்பவர், மற்ற நேரமெல்லாம் ஒலி விற்பன்னர். அவர் இல்லாத இடங்களில் குடும்பம் அவரை டெசிபல் என்று அழைக்கும். புது ரிசீவர் வாங்கிவிட்டதால் பழையதை எங்களுக்குத் தானம் செய்திருந்தார். ஸ்பீக்கர்களை மட்டும் தரவில்லை. துறவுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

ஆகவே நான் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு சின்ன ஸ்பீக்கர்களையும் அவை இணையும், அடிநாதத்துக்கான சப்வூஃபர் பெட்டியையும் கழற்றி வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பனியனோடு வந்தவனைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்தார்.

"மாப்ள, இதையா இதோட சேக்கப் போறீங்க?"

"இருக்கறது இதுதான் மச்சான்."

"ரிசீவர் அழும்."

அழட்டும். எனக்கு வேறு கவலை. சென்ற வருடக் காய்ச்சலோடு என் மனைவிக்கு இடது காது போய்விட்டது. டிவியில் யார் பேசினாலும் அவளுக்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவது மாதிரிதான். சத்தத்தைக் கூட்டினால் கீழ் வீட்டுக்காரர் ஏறி வருவார். குறைத்தால் இவள் எழுந்து போய்விடுவாள். ஏற்கெனவே துடைத்த சமையல் மேடையை மறுபடி துடைத்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஓடுகிற படத்தைத் திட்டிக்கொண்டே பார்த்தவர்கள் நாங்கள். தனியாகத் திட்டுவதில் ஒரு சுகமும் இல்லை. காது விஷயம் அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்பது அவள் உத்தரவு. "தெரிஞ்சா அதுக்கும் ஒரு லெக்சர் எடுப்பாரு" என்று சொல்லியிருந்தாள்.

டெசிபல் டேப்பை இழுத்து அளந்தார். இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், கேட்பவரின் தலை, மூன்றும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டுமாம்; இல்லையென்றால் அது ஒலியல்ல, வெறும் ஓசை. பிறகு ரிசீவரின் முதுகில் இருந்த ஸ்பீக்கர் முனைகளிலிருந்து ஒயரை எடுத்து நேரே சப்வூஃபர் பெட்டிக்குக் கொடுத்தார். அந்தப் பெட்டிக்குள்ளேயே சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதே, இரண்டு முறை பெருக்கினால் தாங்குமா என்று இழுத்தேன்.

"ஒலிக்கு உயிர் வேணும் மாப்ள. கஞ்சத்தனம் ஆகாது."

உயிர் வந்தது. வால் மிதிபட்ட எருமையாகப் பெட்டி ஒரு கத்து கத்தியது. 'டக்'கென்று ரிசீவர் தானே அணைந்துகொண்டது. அழவில்லை, மயங்கிவிட்டது.

அந்தச் சத்தம் சமையலறையில் இருந்த என் மனைவிக்கே கேட்டு, ஓடி வந்தாள்.

"என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல, பாதுகாப்புக்கு அதுவே நின்னுக்கும்" என்றார் அவர், அவளுக்கு இடப்பக்கம் தரையில் குனிந்தபடி.

அவள் கழுத்தைத் திருப்பி வலது காதை நீட்டினாள். "என்னண்ணா?"

மறுபடி சொன்னார். சொல்லிவிட்டு ஒயரைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார். எழுந்து, அவளுக்கு இடப்பக்கத்தில் நின்று, "குட்டிம்மா" என்று மெல்லக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. ரிசீவரை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எப்பலேருந்து?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

குடும்ப வரலாற்றில் முதன்முறையாக டெசிபல் பூஜ்யத்தில் இருந்தார்.

கீழே போய்க் காரிலிருந்து தன் ஹெட்ஃபோனை எடுத்து வந்தார். பெற்ற பிள்ளைகளையே தொடவிடாத ஹெட்ஃபோன். அதன் முனையில் இருந்த தடித்த அடாப்டர் பின்னைத் திருகிக் கழற்றி, சப்வூஃபர் ஒயரின் மெல்லிய முனையில் மாட்டி, ரிசீவரின் முகத்தில், சத்தம் மெலிதாக வெளிவரும் ஹெட்ஃபோன் துளையில் செருகினார்.

"விவரம் தெரிஞ்சவன் எவனும் இப்படிச் செய்யமாட்டான் மாப்ள. வெளிய சொல்லிடாதீங்க."

அடுத்து முக்கோணத்தைக் கலைத்தார். சோபாவின் வலது ஓரம், பால்கனிக் கதவை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கர்களையும் அதன்மேல் அடுக்கினார்.

"ரெண்டும் ஒரே பக்கமா மச்சான்?"

"ஸ்டீரியோ கெடக்குது, விடுங்க."

அவரைப் பற்றிப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த கிண்டல்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அந்த நிமிடம் அவர் என் கிட்னியைக் கேட்டிருந்தால், எந்தப் பக்கத்துக் கிட்னி என்றுதான் கேட்டிருப்பேன்.

ஏதோ ஒரு படம் ஓடியது. அவளை அழைத்து வந்து உட்கார வைத்தார். சத்தம் அதிகமில்லை, கீழ் வீட்டுக்காரரின் தூக்கம் கலையாத அளவுதான். காலை மடித்துச் சாய்ந்துகொண்டாள். பிறகு, "இந்த ஆளு என்னங்க, பொண்டாட்டிகிட்ட பேசறானா, மீட்டிங்ல பேசறானா?" என்றாள்.

"அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். டெசிபல் கழுத்தை நீட்டி ரிமோட்டின் பின்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

திரையில் ஜன்னல்கள் மூடிய ஓர் அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள். திடீரென்று அவள் துள்ளி எழுந்தாள்.

"ஐயய்யோ மழை! துணியெல்லாம் வெளிய கெடக்கு!"

டெசிபலின் விரல் ரிமோட்டுக்குப் போனது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

பால்கனியில் வெயில் கொளுத்தியது. அவசரமாக உருவிய இரண்டு துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பிக்கு வெளியே உள்ளங்கையை நீட்டியபடி அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், ஸ்டூலின்மேல், மழை பெய்துகொண்டிருந்தது.