புது மாட்டுக்கு முதல் வாய்

என் வீட்டுக்காரர் முனியாண்டிக்குக் கோபம் வந்தால் மாட்டிடம் காட்டமாட்டார். அதற்குத்தான் நான் இருக்கிறேனே. அவரிடம் ஜப்பான்காரன் பட்டியை ஒப்படைத்திருந்தான். லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிடுங்கிய மாடுகளை அடைத்து, பட்டாளத்துக்குக் கறிக்காகக் கொழுக்கவைக்கும் பட்டி. அதில் நோய் விழுந்தால் அவர் சயாமுக்கு ரயில்பாதை போடும் வேலைக்குப் போகவேண்டும். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போன ஒருவரும் திரும்பவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு முன்பு மம்பா ஊர்ப் பக்கமிருந்து புது மாடுகள் வந்தன. நோயோடு வந்திருக்குமோ என்று ஓடைக்கு அக்கரையில் தனியாகக் கட்டினோம்.

பொங்கலன்று பதுக்கி வைத்திருந்த கைப்பிடி அரிசியைப் பொங்கினேன். ஒவ்வொரு மாட்டுக்கும் கையால் ஊட்டுவது எங்கள் வழக்கம். பானையோடு போனவர் அக்கரையிலிருந்து வருகிறார்!

"அங்க ஏன் போனீங்க?"

"புதுசா வந்ததுக்குத்தான லா மொத வாய்? தள்ளிக் கட்டத்தான சொன்ன, ஊட்டாதன்னா சொன்ன?"

"அதுங்க நல்லா இருக்கா?"

"ஒண்ணுக்கு மட்டும் வாயில நொர. நடந்து வந்த களைப்பு."

அதே கை, அதே பானை, பட்டிக் கதவைத் திறக்கப் போகிறார். ஓடிப்போய்ப் பானையைத் தட்டிவிட்டேன்.

"அரிசிடி!" என்று கை ஓங்கினார்.

"அது கோமாரி, தொத்து நோய்! அந்தக் கையோட உள்ள போனா நீங்க சயாம்தான்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அதற்குள் பட்டிக்கு வெளியே நின்ற எங்கள் பசு செல்லம், பாலுக்காக ஜப்பான்காரன் விட்டுவைத்த ஒற்றைப் பசு, சிந்திய பொங்கலை நக்கித் தீர்த்துவிட்டது. என் மார் வற்றிப்போய், கைப்பிள்ளைக்கு அதன் பால்தான் உயிர்.

அவர் செல்லத்தின் கயிற்றைப் பிடித்தார்.

"இதையும் அக்கரையில கட்டிட்டு நானும் அங்கயே இருக்கேன். பட்டிய நீ பாத்துக்க."

அன்றிலிருந்து பட்டி மாடுகளின் வாயையும் குளம்பையும் பார்ப்பதே எனக்கு வேலை. தவிட்டை வைத்துவிட்டு, அவை மெல்லும்வரை மூச்சுவிடமாட்டேன். சில நாள் கழித்து ஜப்பான்காரன் வந்தான், பட்டியைப் பார்த்தான், தலையாட்டிவிட்டுப் போனான்.

ஓடைக்கரைக்கு ஓடிக் கத்தினேன்.

"பட்டிக்கு ஒண்ணுமில்லீங்க! அவன் போயிட்டான்!"

அக்கரையில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"செல்லம் எப்படி இருக்கு?"

கையில் ஒட்டியிருந்த நுரையைத் துண்டில் துடைத்தார்.

"புள்ளைக்குக் கெழங்குக் கஞ்சி பழக்கு" என்றார்.