கொலின்ஸின் ரெயிலர்

இடுப்பு நிமிரவில்லை. சிமியோன் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். முடியாமல் திரும்பவும் குந்தினார். மாரி முடிந்ததிலிருந்து பழைய மீன்பிடிப் போட்டின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து கிடந்து உரஞ்சிய உரஞ்சலில், பைபர்த் தூள் கழுத்திலும் கமக்கட்டிலும் ஏறியிருந்தது. எத்தனை வாளி அள்ளி ஊற்றினாலும் முள்ளாய்க் குத்தியது.

"போட்டு எழும்பியிட்டுது, நீர் விழுந்திட்டீர்" என்றார் புகையிலைக் கன்றுகளுக்கு நடுவில் நின்ற தியாகராசா. கோப்பாயில் அந்தத் தோட்டம் அவருடையது. "உமக்கும் ரெண்டு பூச்சுப் பூசி வெய்யிலிலை காயவிடுவம்."

"பூசுங்கோ அண்ணை. பச்சை நிறமாப் பூசுங்கோ, கன்றுக்குள்ளை நிண்டா ஆக்களுக்குத் தெரியாது."

சிரித்தபோது இடுப்பு இன்னொருமுறை வெட்டி இழுத்தது.

போட் அவருடைய தங்கை கத்தரீனாவின் சீதனம். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவராய்ப் பிறந்த சிமியோன், பிறத்தியாரின் வள்ளங்களில் கூலிக்குத் தொழிலுக்குப் போய் உழைத்து வாங்கிக் கொடுத்தது. கத்தரீனாவின் புருஷன் அடைக்கலநாதன் அதில் நாலைந்து வருஷம் தொழில் செய்தான். கடலுக்குப் போகக்கூடாதென்றிருந்த சண்டைக் காலத்தில், கரையில் விட்டால் மிஞ்சாதென்று மிசினைக் கழற்றிவிட்டு, மாட்டுவண்டில் இரண்டைக் கோத்து ஏற்றி வந்து, தன்னிடம் மீன் வாங்குகிற தியாகராசாவின் காணியில் விட்டான். பிறகு வன்னிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போட் வேலியோரமாய்க் கிடந்தது. அதற்குள் கோழி முட்டையிட்டது. சருகு உக்கி மண்ணாகி அதில் ஒரு பப்பாசி முளைத்துக் காய்த்தும்விட்டது.

இப்போது கத்தரீனாவின் மகள் லவீனாவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை ஜெறோம் நல்ல தொழிலாளி. ஆனால் சொந்தமாய் ஒன்றும் இல்லை, வேறொருவரின் வள்ளத்தில் பங்குக்குப் போகிறவன். தனக்குச் சீதனமாய் வந்த போட்டையே மகளுக்கும் கொடுக்க வேண்டுமென்பது கத்தரீனாவின் ஆசை. "நான் எழுப்பித் தாறன்" என்று சொன்னவர் சிமியோன். சொன்னபடி எழுப்பியும்விட்டார். பழைய பைபரைச் சுரண்டி, புதிதாய்க் கண்ணாடியிழைப் பாய் விரித்து றெசின் பூசி, எங்கிருந்தோ தேடிப்பிடித்த பழைய டீசல் மிசினைப் பிரித்துப் பூட்டி உள்ளே இறக்கியிருந்தார். இனி அதைக் குருநகர்க் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஞாயிறு பூசை முடிய சுவாமியார் வந்து போட்டை மந்திரித்து ஆசீர்வதிப்பதாய் ஏற்பாடு.

கத்தரீனா சாப்பாட்டோடு வந்திறங்கினாள். பையைத் திறக்குமுன்பே தியாகராசா மூக்கைச் சுளித்தார்.

"பிள்ளை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. உந்தச் சட்டியை வேலிக்கு அங்காலை வைச்சுத் திற."

"முருங்கைக்காய்க் கறிதான் ஐயா. தவக்காலம், நாங்களும் வெள்ளியிலை மச்சம் தின்னிறேல்லை."

"அப்ப எனக்கும் ஒரு கரண்டி போடு."

வேலியோரமிருந்து மூவரும் சாப்பிட்டார்கள். கத்தரீனா போட்டைப் பார்த்துக்கொண்டே குழைத்தாள்.

"அண்ணை, போட்டை ஏத்திற ரெயிலருக்கு என்ன செய்யப்போறியள்?"

"பாப்பம்."

பாரந்தூக்கி லொறிக்காரன் வந்து பார்த்து, ஒழுங்கையின் அகலம் காணாது, கரண்ட் வயரும் குறுக்கே கிடக்குதென்று போய்விட்டான். கடற்கரை ஹொட்டேல் ஒன்றில் இருந்த ரெயிலர் விளையாட்டுப் படகுக்குச் செய்தது. இந்தப் போட்டை வைத்தால் நசிந்துபோகும். சரியான ரெயிலர் ஒன்றுதான் இருந்தது. லொறி அச்சில் நிலத்தோடு பதிவாய்ச் செய்து, போட்டின் அடிநடுவே முள்ளந்தண்டாய் ஓடுகிற ஏரா உட்காருவதற்கு உருளைகள் வைத்து, இரண்டு பக்கமும் வயிற்றைத் தாங்க நீளமாய்க் கட்டை கொடுத்து, கட்டைக்குப் பழைய ரயர் சுற்றிய ரெயிலர். குருநகரில் கொலின்ஸின் வளவில் நின்றது.

"கொலின்ஸிட்டைக் கேப்பமே?"

"அவன் தரமாட்டான்."

"கேட்டனீங்களோ?"

"தரமாட்டான் எண்டு சொல்லுறன்."

தடைசெய்த இழுவைமடி வலையை கொலின்ஸ் அடிக்கிறான் என்று மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னவர் சிமியோன். சொன்னது உண்மை. கொலின்ஸின் மடி பறிபோனது. அதற்குப் பிறகு இருவரும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் போன கிழமை தேத்தண்ணிக் கடையில் கொலின்ஸ் தானாக வாய் திறந்திருந்தான். "சிமியோன் அண்ணை, என்ரை ரெயிலர் சும்மாதான் நிக்குது. கோப்பாய்க்குக் கடல் வரும் எண்டு பாத்துக்கொண்டிராதேங்கோ." கடையே சிரித்தது. சிமியோன் பாதித் தேத்தண்ணியோடு எழும்பி வந்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் அவருடைய காதில் விழுந்தது. முன்னால் சொன்ன சொல்லை அவர் கணக்கெடுக்கவில்லை, கத்தரீனாவிடம் சொல்லவுமில்லை.

"என்ரை ரைக்ரரும் பெட்டியும் நிக்குது" என்றார் தியாகராசா, கையைக் கழுவியபடி. "புகையிலை, வைக்கல், கல்லு எல்லாம் ஏத்திறது. உதையும் ஏத்தும்."

"அது காணும் அண்ணை, வேறையொண்டும் வேண்டாம்" என்றார் சிமியோன். கத்தரீனா சட்டிகளைப் பைக்குள் அடுக்கினாள்.

சனிக்கிழமை விடியக் குருநகரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோட்டக்காரரும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். பெட்டி நீளத்தில் போட்டைவிடக் கட்டை. போட்டின் மூக்கான அணியத்தை முன்னுக்குத் தள்ளி வைத்தும், பின்பக்கம் பெட்டிக்கு வெளியே ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. மிசினின் பாரமெல்லாம் அந்தப் பக்கத்தில்.

தியாகராசா சுற்றி வந்து பார்த்தார். "மிசினைக் கழட்டி முன்னுக்குப் போட்டா என்ன?"

"ஒருநாள் வேலை அண்ணை. போகட்டும்."

ஒருநாள் வேலைதான். ஆனால் சிமியோனின் மனதில் வேறொன்று இருந்தது. கரைக்குப் போய் இறக்கின கையோடு, கொலின்ஸும் அந்தத் தேத்தண்ணிக் கடையில் சிரித்தவர்களும் பார்த்துநிற்க, மிசினை அடித்து இயக்கிக் காட்டவேண்டும். கழற்றினால் அது நடக்காது.

தோட்டக்காரர் தாங்கள் பழகின மாதிரிக் கட்டினார்கள். வைக்கோல் பாரத்துக்குப் போடுவதுபோலக் கயிற்றைக் குறுக்கே எறிந்து, நடுவில் தடி செருகி முறுக்கினார்கள். வைக்கோல் நசிந்து கொடுக்கும். போட் கொடுக்காது. கயிறு இறுக இறுக, பெட்டியின் பின்கதவு விளிம்பு ஏராவில் பதிந்தது. கடலில் பிறந்து வளர்ந்த சிமியோனுக்கு அது கண்ணில் படவில்லை. கடலில் போட்டின் உடம்பு முழுவதையும் தண்ணீர் தாங்கும். ஓரிடத்தில் மட்டும் தாங்கினால் என்ன ஆகுமென்று அவர் ஒருநாளும் யோசிக்க வேண்டி வந்ததில்லை. "இன்னும் ஒரு முறுக்கு" என்று அவரே சொன்னார்.

ரைக்ரர் இருபாலை தாண்டி நல்லூரால் மெல்லப் போனது. சனம் வழிவிட்டு நின்று பார்த்தது. பெட்டியின் விளிம்பில் இருந்த சிமியோன் இடுப்பு நோவையும் மறந்து தெரிந்தவர்களுக்குக் கை காட்டினார். ரெயில் கடவையில் சில்லு ஏறி விழுந்தபோது, போட்டுக்குள்ளிருந்து காய்ந்த மட்டையை முறித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. ரைக்ரர் ஓடியவன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சத்தம்?"

"பெட்டிக் கதவு. நீ ஓடு" என்றார் சிமியோன். கதவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கரையில் இறக்கினார்கள். ஜெறோம்தான் முதலில் குனிந்து பார்த்தான். பார்த்தவன் எழும்பாமல் அப்படியே இருந்தான். ஏரா முறிந்து, வெடிப்பு இரண்டு பக்கமும் ஏறி, மிசின் குந்தியிருந்த இடமும் பிளந்துபோயிருந்தது. புதுப் பூச்சுக்குக் கீழே பழைய பைபர் பாய் பாயாய்க் கழன்று தெரிந்தது.

"ஒட்டலாமோ மாமா?" என்று ஜெறோம் கேட்டான்.

"ஒட்டலாம்" என்றார் சிமியோன். பிறகு, "மிசின் அடிச்சா ஒட்டு நிக்காது" என்றார்.

கொலின்ஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். சிரிக்கத்தான் வருகிறான் என்று சிமியோன் நினைத்தார். கொலின்ஸ் சிரிக்கவில்லை. வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, சூள் கொட்டினான்.

"நல்ல வேலை அண்ணை செய்திருக்கிறியள், பூச்சைப் பாத்தாத் தெரியுது. நான்தான் சொன்னனே, ரெயிலர் சும்மா நிக்குதெண்டு. உருளைக்குக் கிறீசும் போட்டு வைச்சனான்."

கரையில் காத்துநின்று, இப்போது வெடிப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கத்தரீனா நிமிர்ந்தாள். "ஆருக்குச் சொன்னனீ?"

"அண்ணைக்குத்தான். கடையிலை, எல்லாரும் இருக்கேக்கை."

அவள் தமையனைப் பார்த்தாள். சிமியோன் மண்ணைப் பார்த்தார்.

"அவன் நக்கலாச் சொன்னவன் பிள்ளை."

"நக்கலாச் சொன்னா என்ன அண்ணை, ரெயிலர் நக்கலே?"

அவள் சத்தம் போட்டிருந்தால், மண்ணள்ளித் திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாயிருந்திருக்கும். உப்புக்காத்துப் பிடிக்குமுன் மிசினைக் கழற்றச் சொல்லி ஜெறோமிடம் சொல்லிவிட்டு, சுவாமியாருக்கு நாளைக்கு வரவேண்டாமென்று அறிவிக்கப் போனாள்.

கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது. சிமியோன்தான் தாய்மாமனாய் நின்றார். எல்லோரும் மரியாதையாய்த்தான் நடத்தினார்கள். சோறு போடும்போது கத்தரீனா இன்னும் கொஞ்சம் போடட்டோ அண்ணை என்றுகூடக் கேட்டாள். ஜெறோம் இன்னமும் பிறத்தியாரின் வள்ளத்தில் போகிறான். போட்டைப் பாதியாய் வெட்டிக் கோழிக்கூடாக்கலாமோவென்று யாரோ கேட்டபோது, சிமியோன் அடிக்கப் போய்விட்டார்.

இடுப்பு நோ மாறவில்லை. இனி ஒரு போட்டுக்கு உழைக்கிற வயதும் இல்லை. ஆனாலும் கத்தரீனாவுக்கு அவர் ஒரு போட் கொடுக்க வேண்டியிருக்கிறது.