ஜவுளிக்கடைக்காரன் மேனேஜரா?

சுபேதார் ஆண்டிச்சாமிக்குப் பொறுக்கவில்லை. பட்டாளத்தில் வருஷக்கணக்காகப் புட்பால் ஆடிவிட்டு, ரிட்டயராகி ராஜபாளையத்துக்கு வந்தவர். 1987இல் மில் தொழிலாளர் டீமுக்கு மேனேஜர் தேவை என்று பேச்சு எழுந்ததும், தன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தார். பார்த்தால் போட்டிக்கு ஒருத்தன்! யார்? ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற சடகோபன். பந்தை உதைத்தால் செருப்புதான் முன்னால் போகும், அந்த லட்சணம்.

மேனேஜர் அமையும்வரை இருவரும் ஆளுக்கொரு நாள் பிராக்டிஸ் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பையன்களுக்குச் சடகோபன் என்றால் உயிர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "ஏலே பால்பாண்டி, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்பான். நைட் ஷிப்டு பார்த்தவன் காலையில் வர முடியாது என்றால், "சரி, பொறவு வச்சுக்கிடுவோம்" என்று பிராக்டிஸ் நேரத்தையே மாற்றிவிடுவான். ஆண்டிச்சாமியிடம் அதெல்லாம் நடக்காது. பிந்தி வந்தவன் கண்ணைத் திறக்க முடியாவிட்டாலும் கிரவுண்டைச் சுற்றி ஓட வேண்டும்.

சடகோபனைச் சுற்றி எப்போதும் சிரிப்புச் சத்தம். அப்படி என்னதான் சொல்கிறான்? கிட்டப் போய்க் கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை. கேட்காமல் இருந்தால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"அவிய தங்கமான மனுசன்லா" என்றாள் மனைவி செல்லத்தாய்.

"ஏட்டி, நீயும் அவன் கட்சியா?" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஆளுக்கு ஒரு மேட்ச் நடத்திக் காட்டட்டும் என்றது கமிட்டி. ஆண்டிச்சாமி நடத்தியதில் டீம் சேத்தூரை ஜெயித்தது. சடகோபன் நடத்தியதில் வத்திராயிருப்பிடம் தோற்றது. ஆண்டிச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம ஊர் டீம் தோற்றதற்குத் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்த ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி இருவரையும் கூப்பிட்டது.

"சுபேதார் ஐயா, ஒங்க ஆட்டத்துல ஒரு கொறையும் இல்ல" என்றார் தலைவர் சுந்தரபாண்டியன். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சடகோபன மேனேஜராப் போட்டா நீங்க என்ன செய்விய?"

தோற்றவனைப் போடுவதா? அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அந்தக் கிரவுண்டுல காலு வைக்க மாட்டேன்! பயலுவ எக்கேடும் கெட்டுப் போகட்டும்!"

சுபேதாரைப் போட்டால் என்ன செய்வாய் என்று தலைவர் சடகோபனிடமும் கேட்டார்.

"அண்ணாச்சி வந்தா டீமுக்கு நல்லதுதான. நான் பயலுவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துக்கிட்டு கூடவே கெடப்பேன்."

நடிக்கிறான் என்று கத்துவதற்காக ஆண்டிச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார். அதில் நடிப்பு இல்லை.

"நாங்க முடிவு சொல்ல வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு, ஐயா" என்றார் தலைவர். மேனேஜர் வேலை சடகோபனுக்குப் போனது.

ஆண்டிச்சாமி வெளியே வந்த சற்று நேரத்தில் சடகோபன் வேகமாகக் கூட வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணாச்சி, கோவத்துல சொன்னது அந்த ரூமோட போகட்டும். பயலுவ காதுல விழாம நான் பாத்துக்கிடுதேன். தலைவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் பஸ்ஸுக்கு ஓடினான். ஆண்டிச்சாமி அங்கேயே நின்றார். நாலு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் வெறுத்துக்கொண்டு இருந்திருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டுப் போகிறானே, பாவி!