உதடு சேர்ந்த மூன்றாவது படம்

1.
இந்தக் கதை ஒரு பதில் கடிதமாகத் தொடங்கியது. பாறசாலையிலிருந்து புஷ்பபாய் என்பவர் எங்கள் மலையாளப் பத்திரிகைக்கு எழுதியிருந்தார்: 'படத்துக்குக் கீழே போட்டது நான் சொன்னதில்லை.' படம் எடுத்தவன் நான். கீழே அந்த வரியை எழுதியவனும் நான். பதிலை எண் போட்டு எழுத உட்கார்ந்தேன். (நெய்யாற்றின்கரைப் பள்ளியில் பழகியது: ஓர் எண்ணுக்கு ஒரு விஷயம். இரண்டாம் எண்ணிலேயே முறை தவறிவிட்டது.)

2.
கண்ணாடிக் கதவு திறந்ததும் அத்தனை கண்களும்...

வேண்டாம். நான் எடுத்த எல்லா விமான நிலையப் படங்களும் இப்படித்தான் தொடங்குகின்றன.

வெளிநாட்டில் தொழிலாளர் விடுதி ஒன்றில் தீ. தப்பியவர்கள் வந்த விமானம் காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கியது. புஷ்பபாய் ஓடிப்போய் மகன் ஜெனிலைக் கட்டிப்பிடித்தார். இருபதடி தள்ளி நின்று ஆறு படம் எடுத்தேன். வாய் திறந்திருந்த நான்காவது படம் அச்சானது, 'மோனே என்று கதறிய தாய்' என்ற வரியோடு. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தாய்மார் 'மகனே' என்றுதானே கதறுவார்கள் என்று எழுதினேன்.

3.
நேரில் போனேன்.

"வா மக்கா, இரி. படம் எடுக்கியவனுக்குக் காது வேண்டாமோ?" என்றார் புஷ்பபாய். "'அகிலேஷ் எங்கலே'ன்னாக்கும் நான் கேட்டது."

அகிலேஷ் அடுத்த வீட்டு சரசம்மாவின் மகன். ஜெனிலோடு ஒரே அறையில் இருந்தவன். அன்று காணாமல்போனவர் பட்டியலில் இருந்தான். இரண்டு நாளில் இறந்தவர் பட்டியலுக்கு வந்தான்.

"ஏர்போர்ட்டுக்கு எறங்கும்ப சரசம்மாக்க கையப் பிடிச்சு சொன்னேன், மொதல்ல ஒனக்க பிள்ளையத்தான் கேப்பேன்னு. பேப்பர் வந்த பெறவு அவ எனக்க மொகத்தப் பாக்கல்ல. மோனேன்னு இவன நான் விளிச்சதே இல்ல. மக்கான்னாக்கும் விளிப்பேன்."

ஜெனிலிடம் கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல்ல அண்ணா. காதுக்குள்ள அப்பம் சைரனாக்கும்."

"இவன் சாட்சிக்குக் கொள்ளமாட்டான்," என்றார் அம்மா. "ஒனக்க போட்டோவில இருக்குமில்லா. அத அவளுக்குக் காட்டு."

4.
(சரசம்மாவை நான் பார்த்ததில்லை. இந்த இடத்தில் அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நான் கண்டது இவ்வளவுதான்: அவர் வீட்டில் புஷ்பபாய் வீட்டைப் பார்த்த ஜன்னல் மட்டும் சாத்தியிருந்தது.)

5.
ஆறு படங்களையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். 'அகிலேஷ் எங்கலே.' மெதுவாகச் சொன்னாலும் உதடுகள் ஒருமுறைகூடச் சேரவில்லை. 'மக்கா.' முதலெழுத்திலேயே சேர்ந்தன. 'அ' என்று திறக்கும் வாய் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நான்காவது படம் ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது படத்தில் புஷ்பபாயின் உதடுகள் சேர்ந்திருக்கின்றன.

(அழுகையை அடக்கும்போதும் உதடு சேரும். பேசாமல் இருக்கும்போதும் சேரும். என்னிடமும் பேச்சை 'மக்கா' என்றுதானே தொடங்கினார்? அது மகனை அழைப்பதா, பேச்சுக்கு முன் இழுக்கும் மூச்சா என்று...)

6.
முடிவு ஒன்று: 'அவர் சொன்னது அதுவல்ல' என்று பத்திரிகையில் திருத்தம். பிறகு எது என்று கேட்பார்கள்.

முடிவு இரண்டு: நான்காவது படத்தை மட்டும் அனுப்பி, 'அகிலேஷ் என்று தொடங்குகிற வாய் இது, பாருங்கள்' என்று எழுதுவது. சாத்திய ஜன்னல் திறக்கக்கூடும். ஆனால் கேட்காததை ஒருமுறை எழுதியவன் நான்.

7.
உறையின்மேல் சரசம்மாவின் முகவரி எழுதியாயிற்று. நான்காவது படம் உள்ளே இருக்கிறது. மூன்றாவது மேசைமேல் இருக்கிறது. உறையை நான் ஒட்டப்போவதில்லை, இதை வாசிக்கும் உங்களிடம் தருகிறேன். ஒட்டுமுன் உதட்டில் ஒரு விரலை வைத்து, 'அகிலேஷ்', 'மக்கா' இரண்டையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.