மேஸ்திரியிடம் மூன்று கேள்விகள்

துறை விசாரணைக்கு என்னை அதிகாரியாகப் போட்ட அன்றே என் மனசுக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

பள்ளிக்கூட மதில் சரிந்து காவலாளியின் இடது கால் போனது. அஸ்திவாரத்தை நேரில் பார்க்காமலே சான்று கொடுத்தார் என்று எங்கள் கட்டட ஆய்வாளர் மேல் குற்றச்சாட்டு. ஐம்பதை நெருங்கும் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். "அந்தம்மா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல" என்று மதில் கட்டிய மேஸ்திரி எழுதிக் கொடுத்திருந்தார். ஊரே கொதித்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காவலாளி படுத்திருந்த படம் பேப்பரில் வந்தது. அதைப் பார்த்தபிறகு விசாரிக்க ஏதும் பாக்கி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விசாரணை அன்று மேஸ்திரி வெளியே பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே ஆய்வாளர் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"சார், அவர்கிட்ட மூணே மூணு கேள்வி கேக்கணும். நான் போன அன்னைக்கு அஸ்திவாரக் குழியில தண்ணி நின்னுச்சு. அதை இறைக்கச் சொன்னது யாருன்னு அவரே சொல்லட்டும்."

"உங்க விளக்கம்தான் எழுத்துல வந்துடுச்சேம்மா. அவரை வேற எதுக்கு இழுக்கணும்?"

"கேக்குறது என் உரிமை சார்."

செய்வதையும் செய்துவிட்டு வாய் வேறயா என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தின் மேலேயே 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "கேட்டா என்ன, வானமா இடிஞ்சு விழுந்திருக்கும்?" என்றாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். அந்த மாதமே ஆய்வாளருக்கு வேலை போனது.

அவர் முறையிட்டதில், மூன்று வருஷம் கழித்துத் தீர்ப்பாயம் அந்த வேலைநீக்க உத்தரவை ரத்து செய்தது. சாட்சியைக் கேள்வி கேட்க விடாதது தவறு, முதலிலிருந்து விசாரியுங்கள் என்றது. அதற்குள் மேஸ்திரி மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார். புதிதாக வந்த விசாரணை அதிகாரி, சாட்சி இல்லை என்று கோப்பை மூடினார். ஆய்வாளர் வேலைக்குத் திரும்பினார்.

நடைவழியில் எதிர்ப்பட்டபோது, "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"நான் அங்க போனேன்னு இப்பவாவது நம்புறீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர் தன் மேஜைக்குப் போய்விட்டார். மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட இன்றைக்கும் ஒருத்தரும் வருவதில்லை.

போன வாரம் காவலாளி மாடியேறி என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நீங்கதானே ஐயா விசாரிச்சீங்க? அந்தம்மா வந்து பாத்தாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியல" என்றேன். "தெரிஞ்சுக்க ஒரே ஒரு வழி இருந்துச்சு. நான்தான் அதைக் கெடுத்துட்டேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இதைச் சொல்லத்தான் ஆபீசர் வச்சிருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு எழுந்தார். படியருகே ஓடிப்போய்க் கை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கவில்லை. ஊன்றுகட்டையைக் கக்கத்தில் இடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை நான் மேலேயே நின்றிருந்தேன்.